மலைக் கல்லூரி ஆசிரியரும் மேம்பாட்டு மானியமும்

(உரையின் எழுத்து வடிவம்)

கல்லூரி ஆசிரியரின் கல்வி, முதுகலைப் பட்டத்துடன் முற்றுப் பெறுவதன்று. முப்பதாண்டுக் காலம் கற்பிக்க வேண்டியவர் முப்பதாண்டுக் காலமும் கற்க வேண்டியவராகிறார். இவ்வுண்மையை உணர்ந்து, அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1880ஆம் ஆண்டிலேயே ஆசிரியர்களுக்கு ஊதியத்துடன் கூடிய ஆய்வு விடுப்பை வழங்கத் தொடங்கிற்று. நம் நாட்டில் இப்பொறுப்பு, 1953இல் தொடங்கப்பெற்று 1956இல் சட்ட வடிவம் பெற்ற பல்கலைக்கழக மானியக் குழுவைச் சார்ந்தது.

மானியத்தின் பயன் நகரக் கல்லூரிக்கும் மலைக் கல்லூரிக்கும் ஒரே அளவில் கிட்டுகின்றதா என்பதே இங்கு ஆராயத்தக்க வினா. இதற்கு உடும்பஞ்சோலைப் பகுதி தக்க எடுத்துக்காட்டாகும். ஏலத் தோட்டங்கள் நிறைந்த இவ்வட்டம், 1972 ஜனவரி 26 அன்று இடுக்கி மாவட்டம் உருவானபோது கோட்டயம் மாவட்டத்திலிருந்து பிரிந்து அதனுடன் இணைந்தது. இதன் தலைமையிடம் நெடுங்கண்டம். கீழே போடிநாயக்கனூர், கம்பம் ஆகிய ஊர்களிலிருந்து மலையேறி வந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் பல இங்கு தலைமுறைகளாக வாழ்கின்றன. அக்குடும்பங்களில் முதன்முதலாகக் கல்லூரியில் அடியெடுத்து வைக்கும் மாணவர்க்கு, வீட்டில் பாடம் சொல்லித் தர ஆளில்லை. ஆசிரியர் ஒருவரே துணை.

இம்மலைகளில் உயர்கல்வி பிற்காலத்திலேயே வந்தது. கட்டப்பனை அரசுக் கல்லூரி 1977இல் தோன்றியது. மூணாறு அரசுக் கல்லூரி 1990களில் தோன்றியது. ஆனால் மானியக் குழுச் சட்டத்தின் 12-பி பிரிவின்படி, 1972 ஜூன் 17க்குப் பின் தோன்றிய கல்லூரி எதுவும், உதவி பெறத் தகுதியுடையதென அறிவிக்கப்பட்ட பின்னரே மத்திய மானியத்தைப் பெற இயலும். தகுதி பெறுவதற்குப் போதிய கட்டடம், நூலகம், நிலையான ஆசிரியர்கள் ஆகியவை வேண்டும். அவற்றைப் பெருக்கவோ மானியம் வேண்டும். பின்தங்கிய பகுதியின் இளங் கல்லூரி இவ்விரண்டிற்குமிடையே நெடுங்காலம் காத்திருக்க நேரிடுகிறது. சுயநிதிக் கல்லூரி ஆசிரியரின் நிலை இன்னும் கடினமானது. இம்மானியங்களின் எல்லைக்கு வெளியே நின்றே அவர் பணியாற்றுகிறார்.

ஐந்தாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் (1974-79) தொடங்கிய ஆசிரியர் மேம்பாட்டுத் திட்டம், ஒரு சிறந்த கருத்தை அடிப்படையாகக் கொண்டிருந்தது. ஆய்வுப் பட்டத்திற்குச் செல்லும் ஆசிரியர் தம் ஊதியத்தைத் தொடர்ந்து பெறுவார். அவரிடத்தில் பணிபுரியும் பதிலி ஆசிரியரின் ஊதியத்தை மானியக் குழு ஏற்கும். ஆய்வு முடித்துத் திரும்பும் ஆசிரியர், குறிப்பிட்ட காலம் பணியாற்றுவதாக உறுதியளிப்பார். மானியம் என்பது ஆசிரியர் கைக்கு வரும் தொகை மட்டுமன்று, அவர் இல்லாதபோது வகுப்பு நடைபெறுவதற்கான ஏற்பாடும் ஆகும் என்பதே அக்கருத்து.

மலைக் கல்லூரியில் இவ்வேற்பாடு இடறுவதும் இவ்விடத்திலேயாம். பத்துப் பேர் பணிபுரியும் துறையில் ஒருவர் சென்றால் பாடம் தடைப்படாது. மூவர் மட்டுமே உள்ள துறையில் ஒருவர் சென்றால் மூன்றில் ஒரு பங்கு பாடம் நின்றுவிடும். பதிலி ஆசிரியருக்குப் பணம் ஒதுக்கப்பட்டிருப்பினும், சில திங்கள் நீடிக்கும் தற்காலிகப் பணிக்காக மலையேறி வந்து தங்கத் தகுதியுடையோர் எளிதில் முன்வருவதில்லை. கேரளத்தில் தமிழ் கற்பிக்கும் கல்லூரிகள் சிலவே. மூணாறும் பாலக்காட்டு எல்லையிலுள்ள சித்தூரும் அவற்றுள் அடங்கும். அங்குத் தமிழாசிரியர் ஒருவருக்குப் பதிலி தேடுவது எத்துணை அரிது என்பதை விளக்க வேண்டுவதில்லை. ஆதலால் விடுப்புக் கேட்கத் தயங்கும் ஆசிரியர் மேற்படிப்பை இழக்கிறார். துணிந்து செல்பவரின் மாணவர் பாடத்தை இழக்கின்றனர்.

1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையின் விளைவாக, மறு ஆண்டு முதல் பல்கலைக்கழகங்களில் கல்விப் பணியாளர் கல்லூரிகள் அமைக்கப்பட்டன. நான்கு வார அறிமுகப் பயிற்சியும் மூன்று வாரப் புத்தொளிப் பயிற்சியும் அங்கு நடைபெற்றன. இவை 2015இல் மனிதவள மேம்பாட்டு மையங்களெனப் பெயர் மாறின. 2023 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய மாளவியா ஆசிரியர் பயிற்சித் திட்டத்தின்கீழ், நாடெங்கும் 111 மையங்கள் இணையவழியிலும் பயிற்சியளிக்கின்றன. பயணத் தொல்லை இதனால் குறைகிறது. எனினும், ஆய்வுக்குத் தேவையான நீண்ட ஓய்வுக் காலத்தை இணையவழிப் பயிற்சியால் ஈடு செய்ய இயலாது. ஐந்தாண்டுத் திட்டங்களோ 2017 மார்ச் 31 உடன் முடிவுற்றன. மறுபுறம், 2018ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகள், கல்லூரி ஆசிரியர் இணைப் பேராசிரியராக உயர முனைவர் பட்டத்தை வேண்டுகின்றன. தேவை உயர்ந்திருக்கும் வேளையில் வழி குறுகுவது நன்றன்று.

செய்யக்கூடியவை சில உண்டு. ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியே பதிலி தேடுவதை விட, மாவட்டக் கல்லூரிகள் அனைத்திற்கும் பொதுவான பதிலி ஆசிரியர் பட்டியலை ஆண்டுத் தொடக்கத்திலேயே ஆயத்தம் செய்து, அவர்களுக்குத் தங்குமிடமும் அளிக்கலாம். ஆய்வுக்களத்தை வெகு தொலைவில் தேட வேண்டுவதில்லை. பாம்பாடும்பாறையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஏல ஆராய்ச்சி நிலையம் உள்ளது. மயிலாடும்பாறையில் 1978இல் நிறுவப்பட்ட இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. தாவரவியல், வேதியியல், பொருளியல் ஆசிரியர்கள் கற்பித்தலை விடாமலே இவற்றுடன் இணைந்து ஆய்வு நடத்தச் சிறு மானியங்கள் துணை செய்யும். மாநில எல்லையைக் கருதாது மதுரையின் பல்கலைக்கழக வசதிகளையும் பயன்படுத்தலாம்.

இறுதியாக ஒன்று. ஆய்வு முடித்துத் திரும்பியவுடன் அவ்வாசிரியர் சமவெளிக்கு மாற்றப்படின், மலைக்குக் கிடைத்த மானியம் மலைக்குப் பயன்படாது. திரும்பிப் பணியாற்றும் உறுதிமொழி, துறையை மட்டுமின்றி அவ்விடத்தையும் உளங்கொண்டதாக இருத்தல் வேண்டும். ஏலத் தோட்டத்துத் தொழிலாளியின் மகள் கல்லூரிக்குள் நுழையும் நாளில், புதியன கற்று வந்த ஆசிரியர் அவ்வகுப்பில் நிற்க வேண்டும். மானியத்தின் வெற்றியை அளக்கும் அளவுகோல் அதுவே.