அப்பாவின் முழங்காலும் முன்னிருக்கையும்



உள்நாட்டு விமானத்தில் முதல் வகுப்பு வெறும் பகட்டு என்றார் எதிரணி நண்பர். நம் நாட்டில் அதற்குப் பெயர் பிஸினஸ் கிளாஸ். நம்மவர் பேச்சில் அது முதல் வகுப்புதான். கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். பழச்சாற்றைக் குடித்து முடிப்பதற்குள் தீவு தெரிந்துவிடும். அதற்கு நானும் காசு கொடுக்க மாட்டேன்.

கோத்தா கினபாலு அப்படியல்ல. தென்சீனக் கடலைத் தாண்டி இரண்டரை மணி நேரத்திற்கு மேல். காரில் போக வழியில்லை. போயிங் 737 விமானத்தில் பின்னால் மும்மூன்று இருக்கைகள், முன்னால் இரண்டிரண்டு. கால் நீட்ட இடமும் அங்கேதான்.

என் அப்பா நாற்பது ஆண்டு லாரி ஓட்டியவர். முழங்கால் சரியாக மடங்காது. சபாவில் தங்கைக்குக் குழந்தை பிறந்தபோது முன்னிருக்கை எடுத்துக் கொடுத்தேன். உட்கார்ந்ததும், "எத்தனை வெள்ளி?" என்றார். பாதி விலையைச் சொன்னேன். அதுவே அதிகம் என்று முணுமுணுத்தார். பிறகு காலை நீட்டி, இறங்கும்வரை தூங்கினார்.

திரும்பும்போது என்னிடம் அவ்வளவு காசில்லை. பின்னால், நடைவழி ஓரத்தில் உட்கார்ந்து வந்தார். உணவு வண்டி வரும்போதெல்லாம் நீட்டிய காலை இரண்டு கைகளாலும் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.