ஊர்க்குரலும் ஆட்டக்களமும்



ஆடிப்பூரத்தன்று திருவில்லிபுத்தூரில் ஆண்டாளின் தேர் நிலையைவிட்டு அசையும் கணத்தைக் கண்டவர்க்கு ஓர் உண்மை விளங்கியிருக்கும். வடம் பிடித்தோர் ஆயிரக்கணக்கில் இருப்பினும், அவரவர் நினைத்த நேரத்தில் இழுத்தால் தேர் ஓரங்குலமும் நகராது. பின்புறம் தடி போடுவோர் சக்கரத்தை நெம்ப வேண்டும். சறுக்குக்கட்டையோடு நிற்பவர் வழிவிட வேண்டும். ‘கோவிந்தா’ என்னும் பேரொலி எழ வேண்டும். அவ்வொலி எழுந்த நொடியில்தான் எல்லாத் தோள்களும் ஒருசேர இழுக்கின்றன. அதனைப் பக்திப் பெருக்கு என்பது முறையே. ஆயினும் அது வேலைக்கருவியும் ஆகும். வடத்தைத் தொடாமல் வீதியோரத்தில் நின்று கூவும் முதியவரும் தேரை நகர்த்துவதில் பங்குடையவரே. கால்பந்துக் களத்தில் சொந்த ஊர் மக்கள் எழுப்பும் ஆரவாரம் ஓர் அணியை எவ்வாறு தூக்கி நிறுத்துகிறது என்பதை ஆராயப் புகுவோர்க்கு இத்தேர்வீதியே தக்க தொடக்கம்.

பார்வையாளரையும் ஆட்டத்தின் உறுப்பாகக் கொள்ளுதல் தமிழர்க்குப் புதிதன்று. கலித்தொகையின் முல்லைக்கலிப் பாடல்களில் ஏறுதழுவும் களத்தைச் சுற்றிலும் ஆயர்குடி திரண்டிருக்கிறது. மகளிர் பரண்மேலிருந்து காண்கின்றனர். காண்பவருள் ஒருத்தியை மணக்கும் பொருட்டே இளைஞன் களம் புகுகிறான். அவள் காணாவிடில் அவன் வீரத்திற்குப் பொருளில்லை. காளையின் நிறத்தையும் கொம்பையும் பாடிய புலவர், சுற்றி நின்றோர் பேச்சையும் விடாது பாடினர். இன்றைய விளையாட்டுச் செய்திகளோ பெரும்பாலும் கோல் கணக்கோடு நின்றுவிடுகின்றன.

இந்தியக் கால்பந்து வரலாற்றில் ஊர்க்குரலின் வலிமைக்கு முதற்சான்று கொல்கத்தாவில் கிடைக்கிறது. 1911 சூலை 29 அன்று ஐ.எஃப்.ஏ. கேடய இறுதியாட்டத்தில் மோகன் பகான் அணி, கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவின் அணியை எதிர்த்து ஆடியது. வங்க இளைஞர் பதினொருவருள் காலணி அணிந்தவர் ஒருவரே, எஞ்சியோர் வெறுங்காலினர். அறுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டதாகக் கூறுவர். வெளியூர்களிலிருந்து தொடர்வண்டியிலும் படகிலும் வந்தோர் பலர். அவருள் பந்தைக் கண்ணால் காணாதவரும் மிகப்பலர். கோல் கணக்கைப் பட்டம் பறக்கவிட்டு அவர்களுக்கு அறிவித்தனர். முதல் கோலை ஆங்கிலேயர் அடித்தனர். பின்னர் சிப்தாஸ் பாதுரி சமன் செய்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் அபிலாஷ் கோஷ் வெற்றிக் கோலை அடித்தார். பந்தைக் காணாமல் வானத்துப் பட்டத்தைக் கண்டு முழங்கிய அக்கூட்டத்தின் ஆரவாரம், அடிமைப்பட்ட நாட்டின் குரலாகவும் இருந்தது.

தமிழகத்திலும் அண்மைக்காலத்தில் அத்தகைய மாலையொன்று வாய்த்தது. 2019 மார்ச் 9 அன்று, கோவை நேரு விளையாட்டரங்கில், ஐ–லீக் தொடரின் கடைசி ஆட்டத்தில் சென்னை சிட்டி அணி பஞ்சாபின் மினர்வா அணியைச் சந்தித்தது. பெயரில் சென்னை இருந்தாலும் அப்பருவத்தில் அவ்வணிக்குச் சொந்த மைதானம் கோவையே. கோவை மக்களும் அதனைத் தம் அணியாகவே கொண்டனர். வென்றால் பட்டம் உறுதி. தோற்றால், அதே வேளையில் கோழிக்கோட்டில் ஆடிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்கால் பட்டத்தைத் தட்டிச் செல்லக்கூடும். தொடக்கத்திலேயே மினர்வா ஒரு கோல் அடித்தது; இடைவேளை வரை பதிலில்லை. இரண்டாம் பாதியில் பெட்ரோ மான்சி பெனால்டியைக் கோலாக்கினார். பின்னர்த் தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா இரு கோல்கள் அடித்தார். ஆட்டம் 3–1 என முடிந்தது. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் வென்றிருந்ததால், பட்டத்தை முடிவுசெய்தது ஒரே ஒரு புள்ளி: 43க்கு 42. ஐ–லீக் பட்டத்தை வென்ற முதல் தமிழக அணி என்னும் பெருமை அந்த ஒரு புள்ளியில் தங்கியிருந்தது.

கூட்டம் இதனை எவ்வழியில் செய்கிறது? ஆட்டக்காரரின் ஊக்கம் பெருகுகிறது என்று மட்டும் கூறுதல் பாதி விடையே. இங்கிலாந்தில் 2002ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வில், தகுதி பெற்ற நடுவர்கள் 40 பேர்க்கு ஒரே ஆட்டத்தின் காட்சிகள் காட்டப்பட்டன. சிலர்க்குக் கூட்டத்தின் ஒலியோடும், சிலர்க்கு ஒலியின்றியும் காட்டினர். ஒலியைக் கேட்டவர்கள், சொந்த மைதான அணிமீது ஏறத்தாழ 15 விழுக்காடு குறைவாகவே தவறு கூறினர். ஊர்க்குரல் நடுவரின் செவியிலும் நுழைகிறது என்பது இதனால் பெறப்படும். 2020 மே மாதம் கொள்ளைநோயின் இடையே செருமனியில் ஆட்டங்கள் ஆளில்லா அரங்குகளில் மீண்டும் தொடங்கியபோது, இதற்கு எதிர்பாராத சோதனைக்களம் அமைந்தது. சொந்த மைதானத்தில் பெறும் வெற்றிகள் குறைந்தன. விருந்தினர் அணிமீது மிகுதியாக நீட்டப்பட்டு வந்த மஞ்சள் அட்டைகளும் குறைந்தன. மைதானம் அதே மைதானம், புல்லும் அதே புல். குரல் ஒன்றே இல்லை.

எனினும் குரலைக் கண்மூடிப் போற்றுதல் ஆகாது. நன்கு பயின்ற செயல் பிறர் முன்னிலையில் சிறக்கும். பயிலாத செயல் பிறர் முன்னிலையில் தடுமாறும் என்று 1965இல் உளவியலறிஞர் ராபர்ட் சயான்ஸ் எடுத்துரைத்தார். பாடலை நன்கு மனப்பாடம் செய்த மாணவி மேடையில் ஒளிர்வதும், அரைகுறையாகப் படித்தவள் அதே மேடையில் வாயடைத்து நிற்பதும் ஆசிரியர் எவரும் அறிந்ததே. பயிற்சியில்லாத அணிக்குக் கூட்டம் கைகொடுப்பதில்லை. பயின்ற அணியையும் சில வேளை அழுத்திவிடுகிறது. 1950 சூலை 16 அன்று, மரக்கானா அரங்கில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் பிரேசிலின் வெற்றியை முன்னதாகவே கொண்டாடிக்கொண்டிருந்தனர்; உருகுவே 2–1 என வென்றது. சென்னையின் அணி ஐ.எஸ்.எல். பட்டத்தை வென்ற இரு முறையும் எதிரணியின் சொந்த மைதானத்திலேயே வென்றது: 2015இல் கோவாவில், 2018இல் பெங்களூரில். இரு முறையும் 3–2. வெற்றியை வேண்டி நிற்கும் குரலும் வெற்றியை உரிமையாகக் கோரும் குரலும் ஆட்டக்காரர் செவிக்கு ஒன்றல்ல போலும். குரல் வெறியாக மாறினால் நேர்வது அதனினும் கொடிது. 1980 ஆகஸ்டு 16 அன்று கொல்கத்தா ஈடன் தோட்டத்தில் மோகன் பகான் – ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தின்போது மூண்ட கலவரத்தில் இரசிகர் 16 பேர் மாண்டனர். வடம் பிடிப்போர்க்கு இது புரியும். தேரை நகர்த்தும் கூட்டமே நெரிந்தால் சக்கரத்தின் அடியில் ஆளைத் தள்ளிவிடும். சறுக்குக்கட்டை அதற்காகவே இருக்கிறது.

இனி, இவ்வட்டாரத்திற்கு மிக அண்மையில் உள்ள ஒரு செய்தி. மதுரையைச் சேர்ந்த சேது மகளிர் கால்பந்து அணி, 2019 மே மாதம் இந்திய மகளிர் லீக் பட்டத்தை வென்றது. இறுதியாட்டத்தில் மணிப்பூர் காவல்துறை அணியை 3–1 என்று வீழ்த்தியது. கோவையில் எழுந்த ஆரவாரத்திற்குப் பின் முழுதாக மூன்று திங்கள்கூடக் கழியவில்லை. கோல் கணக்கும் அதுவே. பட்டமும் தேசியப் பட்டமே. வென்ற இடம் மட்டும் வேறு: இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் பஞ்சாபின் லூதியானா. தொடரின் எல்லா ஆட்டங்களையும் ஒரே நகரில் வைத்து நடத்துவது மகளிர் லீகின் அன்றைய வழக்கம். அதனால், தெரிந்த முகங்களின் முன்னே, தம் பேச்சுமொழியில் தம் பெயர் சொல்லிக் கூவுவோர் முன்னே ஆடும் வாய்ப்பு அப்பெண்களுக்கு அத்தொடரில் ஓர் ஆட்டத்தில்கூடக் கிடைக்கவில்லை. ஆண்கள் அணிகளுக்கு இயல்பாகவே கிடைத்துவந்த அந்த ஊர்க்குரல் இன்றியே அவர்கள் அவ்வளவும் வென்றனர். ஊர்க்குரலின் வலிமையை ஆராய்வோர், அக்குரல் யாருக்கு எட்டியது, யாருக்கு எட்டவில்லை என்பதையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும்.

சொந்த மைதானத்தில் ஓர் ஆட்டம், எதிரணியின் மைதானத்தில் ஓர் ஆட்டம் என்னும் முறை 2023–24 பருவத்தில்தான் இந்திய மகளிர் லீகிற்கு வந்தது. அப்பருவத்தில் ஆடிய ஏழு அணிகளுள் சேதுவும் ஒன்று.