யூதா எப்போது மாறினார்?



குருமடத்தில் மெய்யியல் படித்த நாள்களில் அரிஸ்டாட்டிலின் கவிதையியல் எங்களுக்குப் பாடமாக இருந்தது. நாடகத்தில் முதலிடம் கதைப்பின்னலுக்கு. கதைமாந்தரின் குணத்துக்கு இரண்டாம் இடம்தான் என்கிறார் அவர். எனக்கு அது அப்போது ஒப்பவில்லை. நல்லவன் நல்லது செய்கிறான், கெட்டவன் கெட்டது செய்கிறான். எனவே குணம் முதலில், கதை பிறகு என்றுதான் நினைத்தேன். மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்கு நாமும் அப்படித்தானே சொல்லிக் கொடுக்கிறோம், ஆபேல் நல்லவர், காயின் கெட்டவர் என்று! என் எண்ணத்தை மாற்றியது அரிஸ்டாட்டில் அல்ல. தொடக்க நூலில் வரும் யூதா.

யோசேப்பின் கதை உங்களுக்குத் தெரியும். இன்று யோசேப்பைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, அவருடைய அண்ணன்மாருள் ஒருவரான, யாக்கோபின் நான்காம் மகன் யூதாவை மட்டும் பின்தொடர்ந்து போவோம்.

37ஆம் அதிகாரம். 17 வயதுத் தம்பியை ஆழ்குழிக்குள் தள்ளிவிட்டு, அண்ணன்மார் சாப்பிட உட்காருகிறார்கள். அப்போது யூதா வாய் திறக்கிறார். இவனைக் கொல்வதால் நமக்கு என்ன லாபம், விற்றுவிடுவோம் என்கிறார். 20 வெள்ளிக்காசு கிடைக்கிறது. பிறகு ஆட்டு இரத்தத்தில் தோய்த்த அங்கியை அப்பாவிடம் அனுப்பி, இது உம் மகனுடையதா என்று பார்த்துச் சொல்லும் எனக் கேட்கிறார்கள். கிழவர் அடையாளம் கண்டுகொண்டு அழுகிறார். கதை இத்தோடு முடிந்திருந்தால் யூதா யார்? தம்பியை விலைபேசியவர். வேறு பெயர் அவருக்கு இல்லை.

அடுத்த அதிகாரம் 38. ஞாயிறு, வாரநாள் திருப்பலி வாசகங்களில் இது வருவதே இல்லை. அதனால் பலர் கேட்டிருக்க மாட்டீர்கள். பிள்ளைகள் முன் வாசிக்கக் கூச்சமான பகுதி என்பதும் உண்மை. யூதா சகோதரர்களை விட்டுப் பிரிந்து போகிறார், மணம் முடிக்கிறார், மூன்று மகன்கள் பிறக்கிறார்கள். மூத்தவர் ஏர் இறந்துபோகிறார். இரண்டாமவர் ஓனானும் இறந்துபோகிறார். கைம்பெண்ணான மருமகள் தாமாருக்கு அக்கால முறைப்படி மூன்றாம் மகன் சேலாவைக் கொடுக்க வேண்டும். யூதா கொடுக்கவில்லை. இவனும் செத்துவிடுவானோ என்று பயப்படுகிறார். அப்பாவுக்கு மகனின் மரணத்தைப் பார்சல் கட்டி அனுப்பியவர், இப்போது தாமே இரண்டு மகன்களைப் புதைத்துவிட்டுக் கடைசிப் பிள்ளையைப் பொத்திப் பொத்தி வைக்கும் தகப்பனாக நிற்கிறார்.

ஏமாற்றப்பட்ட தாமார் முக்காடிட்டு வழியோரம் உட்காருகிறார். யாரென்று அறியாமல் யூதா அவரிடம் போகிறார். தாமார் கருவுற்றது ஊருக்குத் தெரிந்ததும், இழுத்து வந்து எரியுங்கள் என்று தீர்ப்பும் சொல்கிறார். அந்நேரத்தில் தாமார், யூதா அடகு வைத்த முத்திரை மோதிரத்தையும் கைக்கோலையும் அனுப்பி, இவை யாருடையவை என்று பார்த்துச் சொல்லும் எனக் கேட்கிறார். முன்பு அங்கியைக் காட்டித் தந்தையிடம் கேட்கப்பட்ட அதே எபிரேயச் சொற்கள்! பழங்கால யூத விளக்கவுரையாளர்களே இதைக் கவனித்திருக்கிறார்கள். யூதா மழுப்பவில்லை. என்னைவிட அவளே நேர்மையானவள் என்று ஊரறிய ஒப்புக்கொள்கிறார்.

இங்கேயும் வேதம் யூதாவைப் புகழ்ந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. மனம் மாறினார் என்றோ கண்ணீர் விட்டார் என்றோ எழுதவில்லை. கதை யோசேப்பிடம் திரும்பிவிடுகிறது.

பிறகு பஞ்சம். யோசேப்பு பார்வோன் முன் நின்றபோது வயது 30. அதன்பின் வளமான 7 ஆண்டுகள், பஞ்சத்தில் 2 ஆண்டுகள். கணக்குப் பார்த்தால், விற்கப்பட்டு ஏறக்குறைய 22 ஆண்டுகள் கழிந்து அண்ணன்மார் அவர் முன் மண்டியிடுகிறார்கள். பென்யமினைக் கூட்டி வந்தால்தான் மீண்டும் தானியம் என்கிறார் யோசேப்பு. யாக்கோபு விட மறுக்கிறார். நான் அவனைத் திரும்பக் கொண்டுவராவிட்டால் என் இரு மகன்களையும் கொன்றுபோடும் என்கிறார் ரூபன். பேரப்பிள்ளைகளைக் கொன்று எந்தத் தாத்தா ஆறுதல் அடைவார்? யூதா பேசுவது வேறு. அவனுக்கு நான் பொறுப்பு, என்னிடம் கேளும் என்கிறார். பிள்ளைகளைப் பறிகொடுத்தவர் பிள்ளைகளைப் பணயம் வைக்கவில்லை. யாக்கோபு சம்மதிக்கிறார்.

அடுத்து நடப்பது யோசேப்பின் ஏற்பாடு. பென்யமினின் சாக்கில் தம் வெள்ளிக் கிண்ணத்தை மறைத்து வைக்கச் செய்து, பிடித்துவரச் சொல்லி, இவன் மட்டும் எனக்கு அடிமை, மற்றவர்கள் உங்கள் தந்தையிடம் சமாதானமாய்ப் போங்கள் என்கிறார். முதிர்ந்த தந்தையை இன்னொரு முறை கலங்க வைக்கும் இந்தச் சோதனை தேவைதானா என்ற நெருடல் எனக்கு இன்றும் உண்டு. ஆனால் யூதா எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். மறுபடியும் இராகேலின் ஒரு மகன், மறுபடியும் அப்பாவின் செல்லப்பிள்ளை. விட்டுவிட்டுப் போனால் கேட்க ஆளில்லை. இம்முறை பொய்கூடச் சொல்ல வேண்டாம். கிண்ணம் அவன் சாக்கில்தானே இருந்தது!

யூதா முன்னே வருகிறார். நீளமாகப் பேசுகிறார். அந்தப் பேச்சில் தந்தையின் வார்த்தை ஒன்றைத் திருப்பிச் சொல்கிறார்: என் மனைவி எனக்குப் பெற்றது இரண்டே மகன்கள். யூதா லேயாவின் மகன். தன் தாய் மனைவிக் கணக்கில் இல்லை, தான் மகன் கணக்கில் இல்லை என்று சொல்லும் வாக்கியத்தை அவரே கசப்பில்லாமல் சொல்லி, அந்தப் பிள்ளைமேல்தான் எங்கள் அப்பா உயிரை வைத்திருக்கிறார், எனவே அவனுக்குப் பதில் என்னை அடிமையாக வைத்துக்கொள்ளும் என்கிறார். அன்று அண்ணன்மாரின் பொறாமைக்கு எரிபொருளாக இருந்த அதே பாசம்தான் இன்று யூதாவை முன்னே நடக்க வைக்கிறது. அதற்குமேல் யோசேப்பால் தாங்க முடியவில்லை, வாய்விட்டு அழுகிறார்.

ஒற்றைப்படை ஆண்டுகளில், பொதுக்காலம் 14ஆம் வாரம் வியாழனன்று இந்தப் பகுதி வாசகமாக வருகிறது. ஆனால் 44ஆம் அதிகாரம் 29ஆம் வசனத்தோடு நிறுத்திவிட்டு 45க்குத் தாவிவிடுகிறோம். யூதா தம்மையே கொடுக்கும் 33ஆம் வசனம் விடுபட்டுப் போகிறது. வீட்டில் திருவிவிலியத்தை எடுத்து அந்த ஒரு வசனத்தை வாசியுங்கள்.

12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடஸ், முழுமையான மனமாற்றம் எது என்பதற்கு ஓர் இலக்கணம் சொல்கிறார். அதே பாவத்துக்கு அதே வாய்ப்பு திரும்ப வந்து, செய்ய முடிந்தும் ஒருவர் செய்யாமல் விலகுவதே அது. அதாவது, மனமாற்றம் தெரியவர ஒரு கதை நடந்தாக வேண்டும். கடவுள் எழுதிய கதை என்றால் மனிதர் பொம்மைகளா என்று சிலர் கேட்பார்கள். வீட்டுக்குப் போகும் வழி யூதாவுக்குத் திறந்தே இருந்தது. கதை அவரை அந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியது. அவருடைய பதிலை அது எழுதித் தரவில்லை.

அன்பு நேயர்களே, பங்குத்தந்தையர் ஒருவருடைய கதையில் நடுவில் நுழைந்து, முடியும் முன்னே மாற்றலாகிப் போகிறவர்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். ஒரு பங்கில் நான் இருந்தபோது, தகப்பன் இறந்ததும் தம்பிக்குப் பங்கு கொடுக்காமல் வீட்டுக் கதவைச் சாத்திய ஓர் அண்ணன் இருந்தார். இரண்டு முறை சமாதானம் பேசப் போனேன். இரண்டாம் முறை என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. மாற்றல் வந்து பொறுப்பை ஒப்படைத்தபோது, எனக்குப் பின் வந்த இளம் குருவிடம் அந்த வீட்டைக் காட்டி, அங்கே நேரத்தை வீணாக்காதீர்கள், அந்த ஆள் தேறமாட்டார் என்றேன்.

12 ஆண்டுகள் கழித்து, பாதுகாவலர் திருவிழாவுக்கு அந்த ஊரில் திருப்பலி நிறைவேற்ற அழைத்தார்கள். அன்று பிள்ளைகளுக்குப் புதுநன்மை. ஒரு சிறுமியின் பின்னால், பெற்றோர் நிற்கும் இடத்தில், அவர் நின்றார். தலை நரைத்திருந்தது. திருப்பலி முடிந்து சிறுமியைக் கூட்டி வந்து, "தம்பி பொண்ணு, சாமி. அவன் தவறிட்டான். எங்க வீட்லதான் வளருது" என்றார். பழையதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பிள்ளையின் தலையில் கை வைத்து ஆசி கொடுத்தேன்.

அன்றிரவே, எனக்குப் பின் அங்கே இருந்த குருவைத் தொலைபேசியில் அழைத்தேன். இப்போது வேறு பங்கில் இருக்கிறார். அந்த வீட்டை நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

"எந்த வீடு, ஃபாதர்? ஓ, அதுவா... நீங்க சொன்னபிறகு நான் இருந்த ஆறு வருசமும் அங்க போனதே இல்லையே" என்றார்.