மீட்பு அடகுக்கடைச் சொல்தான்

(படிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)

தோழர்களே, என்னைக் கவிஞர் என்று சொல்லி அறிமுகப்படுத்தினார்கள். இன்றைக்கு பேங்க் கிளார்க்காகத்தான் பேச வந்திருக்கிறேன். நகைக்கடன் கவுண்டரில் உட்கார்ந்து மூணு வருஷம் ஆகிறது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை ‘மீட்பு’ என்ற சொல்லைக் கேட்கிறேன் தெரியுமா? ‘சார், தோட்டை மீட்கணும்.’ ‘செயினை மீட்டுட்டு மறுபடி வைக்கணும்.’ ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனால் அங்கேயும் மீட்பு. எங்கள் லுத்தரன் சபையில் பாதிரியாரை ‘ஐயர்’ என்றுதான் கூப்பிடுவோம் (அந்தக் கதையைத் தனியாகப் பேசணும்). அவர் பேசுகிற மீட்பும் நான் ரசீது போடுகிற மீட்பும் ஒரே சொல் என்று அவருக்கும் தோன்றியதில்லை, ரொம்ப நாள் எனக்கும் தோன்றியதில்லை.

ஆனால் ஒரே சொல்தான். பவுல் எழுதிய கிரேக்கத்திலும் அது அடிமையை விலை கொடுத்து விடுவிக்கிற சொல். லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தில் மீட்கிறவன் என்றால் வானத்திலிருந்து வருகிறவன் இல்லை, சொந்தக்காரன். பங்காளி கடன்பட்டு நிலத்தை விற்றுவிட்டால், தன்னையே விற்றுவிட்டால், பணம் கொடுத்துத் திருப்ப வேண்டியது உறவுக்காரன் கடமை. அவனும் செய்யாவிட்டால் ஐம்பதாவது வருஷம் யூபிலி. நிலம் பழைய குடும்பத்துக்குத் திரும்பணும், அடிமை வீட்டுக்குப் போகணும்.

எங்கள் தாத்தா கீழத்தஞ்சையில் பண்ணையாள். அப்பா பிறக்கிறதுக்கு முன்னாடியே கடன் பிறந்துவிட்டது. கல்யாணத்துக்கு வாங்கின நெல்லும் கொஞ்சம் ரூபாயும் ஆண்டை வீட்டு நோட்டில் இருந்தது. அந்த நோட்டைத் தாத்தா பார்த்திருக்கிறார், படித்ததில்லை. 1976இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்து, அந்த மாதிரிக் கடனைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதே இல்லை என்றது. அந்தச் சேதி எங்கள் சேரிக்கு வந்துசேர ரொம்ப நாள் ஆச்சு. தாத்தா அதைக் கேட்டுவிட்டு, ‘அப்ப மாட்டை யாரு அவுக்கிறது?’ என்றாராம்.

ஞாயிறு பள்ளியில் ஆதாம் செய்த பாவம் நம்மேல் வந்தது என்று சொல்லிக்கொடுப்பார்கள். படித்தவர்களுக்கு இது புரியாது. எவனோ செய்ததற்கு நான் எப்படிப் பொறுப்பு என்பார்கள். எங்கள் ஜனத்துக்கு அதில் ஒரு சிக்கலும் இல்லை. தாத்தன் வாங்கினான், பேரன் மாடு மேய்க்கிறான். எங்களுக்குத் தெரிந்த கணக்குதான்.

ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. பாவம் கடன் என்றால் கடவுள் யார்? ஆண்டையா? கேன்டர்பரி பேராயர் அன்செல்ம் 1098இல் எழுதி முடித்த நூலில் கிட்டத்தட்ட அப்படித்தான் கணக்குப் போட்டார். மனுஷன் கடவுளின் மரியாதையைக் கெடுத்துவிட்டான், அதை ஈடுகட்ட மனுஷனால் ஆகாது, ஆகவே மகன் வந்து தீர்த்தார். நிலப்பிரபு காலத்துக் கணக்கு. எங்கள் பேங்க் மொழியில் இதற்குப் பெயர் தள்ளுபடி இல்லை, ஜாமீன்தாரரிடம் வசூல். கடன்காரருக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. அப்புறம் எங்கே மன்னிப்பு?

இயேசு சொன்ன கதையில் இந்தக் கணக்கு இல்லை. மத்தேயு 18ஐ எடுத்துப் பாருங்கள். ஒருத்தன் ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து பாக்கி. ஒரு தாலந்து சுமார் 6,000 தெனாரி, ஒரு தெனாரி ஒரு நாள் கூலி. மொத்தம் 6 கோடி நாள் கூலி. வருஷத்துக்கு 300 நாள் உழைத்தாலும் 2 லட்சம் வருஷம். முதலில் பெண்டாட்டி பிள்ளைகளோடு விற்கச் சொன்ன ராஜா, காலில் விழுந்ததும் விட்டுவிடுகிறான். ஜாமீன் கேட்கவில்லை, மகனிடம் வசூலிக்கவில்லை. நஷ்டத்தைத் தானே ஏற்கிறான். அவன் வெளியே வந்து, தனக்கு 100 தெனாரி தரவேண்டிய சக வேலைக்காரன் கழுத்தைப் பிடிக்கிறான். நம்ம ஜனங்கள் நூறு நாள் வேலை என்று சொல்லிப் பழகினார்களே, அத்தனை கூலி. அதற்குப் பிறகுதான் அவன் தள்ளுபடி ரத்தாகிறது. பவுல் விசுவாசம் என்கிறார், யாக்கோபு கிரியை என்கிறார், இருவருக்கும் சண்டை என்று வேதசாஸ்திரக் கல்லூரிகளில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அந்தக் கை பக்கத்து ஆள் கழுத்தில் இருக்கிறதா, எடுத்துவிட்டதா என்று பார்த்தாலே பாதி விவகாரம் தீர்ந்துவிடும்.

எங்கள் சபையின் மூலபுருஷர் லுத்தர். அவர் சண்டையே கடனில்தான் ஆரம்பம். மைன்ஸ் பேராயர் பதவிக்காக ரோமுக்குக் கட்டவேண்டிய பணத்தை ஆல்பிரெக்ட் என்கிறவன் ஃபூகர் குடும்பத்து பேங்கில் கடன் வாங்கினான். பாவமன்னிப்புச் சீட்டு விற்று வந்ததில் பாதி அந்தக் கடனுக்குப் போனது. 1517இல் லுத்தர் எதிர்த்தார். இரட்சிப்பு விற்பனைக்கு இல்லை என்றார். 1524இல் வியாபாரத்தையும் வட்டியையும் கண்டித்து எழுதினார். இதுவரைக்கும் நல்லது. 1525இல் மெம்மிங்கனில் விவசாயிகள் பன்னிரண்டு கோரிக்கை எழுதினார்கள். மூன்றாவது கோரிக்கை என்ன? கிறிஸ்து எங்களை மீட்டுவிட்டார் என்கிறீர்கள், அப்படியானால் நாங்கள் எவனுக்கும் பண்ணையாள் இல்லை. லுத்தர் சொன்ன பதில், அது ஆத்துமாவின் விடுதலை, சரீரத்துக்கு இழுக்காதே, ஆபிரகாமிடமும் அடிமைகள் இருந்தார்கள். கலகம் முற்றியதும் விவசாயிகளை வெட்டச் சொல்லிப் பிரபுக்களுக்கு எழுதினார். நம் ஐயர்மார் இன்றைக்கும் சொல்லுகிற பதில் அங்கிருந்து வந்ததுதான்.

‘விசுவாசம்’ என்ற சொல்லையும் கொஞ்சம் தட்டிப் பார்க்கணும். எங்கள் தெருவில் அந்தச் சொல் யாருக்கு? நாய்க்கு, அப்புறம் பண்ணையாளுக்கு. ஆண்டைக்கு விசுவாசமாக இருந்தான் என்பார்கள். விசுவாசத்தினாலே இரட்சிப்பு என்பது சேரிக் காதில் வேறு மாதிரித்தான் விழும். நம்பிக்கை என்று சொன்னால் வேறு கதவு திறக்கிறது. கிரெடிட் என்கிற சொல்லின் லத்தீன் வேரே நம்புவதுதான். நம்பித்தான் கடன் கொடுக்கிறார்கள். யாரை நம்புகிறார்கள்? 4 சதவீத வட்டியில் ஏழைகளுக்குக் கடன் என்று 1972இல் ஒரு திட்டம் வந்தது, அதில் 40 சதவீதம் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கு என்று விதி. அந்த ஃபாரத்தை நான் இதுவரை கையால் தொட்டதில்லை. நம்மை நம்புவதற்குக் காதில் தோடு இருக்கணும்.

இனி சொல்லப்போவது என் கதை. எங்கள் தெரு அக்கா ஒருவர். கால் பவுன் தோடு. வட்டி கட்டாமல் ஏல நோட்டீஸ் போனது, அதைத் தயார் பண்ணினது நான். கவுண்டருக்கு வந்து, ‘தம்பி, கோயில்ல நீதான வேதம் வாசிக்கிற?’ என்றார். ரூல்ஸ் என்றேன். ஏலம் போய்விட்டது. அந்தப் பணத்தை நான் கட்டியிருக்கலாம், முடியாத தொகை இல்லை. கட்டவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை எனக்கு முன் வரிசையில் காது ஓட்டையில் வேப்பங்குச்சியோடு உட்கார்ந்திருக்கிறார். ஏழையின் போர்வையை அடகு வாங்கினால் பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிடு என்பது யாத்திராகமத்துச் சட்டம்.

தள்ளுபடி செய்தால் அடுத்து எவனும் கடன் தரமாட்டான் என்பீர்கள். அந்தப் பயம் பழசு. ஏழாம் வருஷம் கடன் ரத்து என்பதால் பணக்காரன் கடனே கொடுக்கவில்லை என்று, இயேசுவுக்குச் சற்று முன்னால் ஹில்லேல் என்ற ரபி ஓர் ஏற்பாடு செய்தார். கடனை நீதிமன்றத்தின் பேரில் எழுதிவைத்தால் ரத்தாகாது. ஏழைக்குக் கடன் கிடைக்கட்டும் என்றுதான் செய்தார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன், எனக்கும் அந்தக் கவுண்டர் தெரியும்.

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகைக்குக் கோழி, பூசணிக்காய், வாழைத்தார் எல்லாம் ஏலம் விடுவார்கள். அந்தப் பணத்தில் ஏல நோட்டீஸ் வந்த நகைகளை முதலில் மீட்டுக் கொடுப்போம், முடிந்தபோது திருப்பித் தரட்டும் என்று கமிட்டியில் வைத்தேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் பொருளாளர் கேட்டார்: ‘வட்டி எவ்வளவு போடலாம் தம்பி?’ அடுத்த மாசக் கூட்டத்தில் மறுபடியும் வைக்கப்போகிறேன். அந்த அக்காவையும் கூட்டிக்கொண்டு போவதாக இருக்கிறேன், அவர் வருவதாக இன்னும் சொல்லவில்லை.