ஓசையற்ற ஓடம்



மீன் பிடிப்பவனுக்கு வேண்டுவன யாவை என்று கேட்டால், தூண்டில், இரை, பொறுமை என்று எவரும் விடை கூறுவர். நான்காவதாக ஒன்று உண்டு. அதுதான் மௌனம். மௌனத்தை விலை கொடுத்து வாங்க முடியுமா? முடியும் என்று சொல்லுவது போல ஒரு சிறு மின்கருவி இன்று பல நாட்டுப் படகுகளில் இடம் பெற்றிருக்கிறது. அதனைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

மொழிபெயர்ப்புப் பணி புரியும் நமக்கு மீன்பிடித் தொழிலில் நேரடிப் பழக்கம் இல்லை. ஒரு சொல்லே நம்மை இவ்விஷயத்தில் இழுத்துவிட்டது. ‘டிரோலிங் மோட்டார்’ என்பது அச்சொல். டிரோலிங் என்றால், மெல்லச் செல்லும் படகின் பின்னே தூண்டிற்கயிற்றை நீரில் இழுத்துச் செல்லுதல். ஆதலின் ‘இழுவைத் தூண்டில் மோட்டார்’ என்று முதலில் எழுதினோம். அக்கருவியின் பயனைப் படித்த பிறகுதான் நம் பெயர் பொருந்தாமை புலனாயிற்று. இன்று அதனைக் கையாளுவோரிற் பலர் எதையும் இழுத்துச் செல்வதில்லை. மீன் மேயும் இடத்தை அரவமின்றி அணுகுவதற்கே அதனை நாடுகின்றனர். பெயர் பழைய தொழிலைச் சொல்லுகிறது. கருவி புதிய தொழிலைச் செய்கிறது.

படகைத் தொலைதூரம் கொண்டு செல்லப் பின்புறத்தில் பெட்ரோல் இயந்திரம் உண்டு. மீன் இருக்கும் இடம் நெருங்கியதும் அதனை நிறுத்திவிட்டு, முன்புறத்தில் உள்ள இச்சிறு மின்மோட்டாரை நீரில் இறக்குவர். ஒரு தண்டின் அடியில், நீர் புகாத கூட்டுக்குள் மோட்டார். அதன் முனையில் சுழல் விசிறி. கையாலோ காலாலோ திசையைத் திருப்பலாம்.

மின்சாரத்தால் படகு ஓட்டும் எண்ணம் புதியதன்று. 1881-ஆம் ஆண்டிலேயே குஸ்தாவ் துருவே என்ற பிரெஞ்சுக்காரர், படகினின்று கழற்றி எடுக்கத்தக்க மின்மோட்டார் ஒன்றைப் பாரிஸ் நகரத்து செய்ன் நதியில் ஓட்டிக் காட்டினார். அமெரிக்காவில் 1934-ஆம் ஆண்டு, பார்கோ நகரத்தைச் சேர்ந்த ஷ்மிட் என்பவர், போர்டு மோட்டார் வண்டியைக் கிளப்பும் சிறு மோட்டாரைக் கொண்டு தூண்டிற்படகுக்கு ஏற்ற கருவி ஒன்றைச் செய்தார். மின்னிசோட்டா, வட டகோட்டா என்னும் இரு மாநிலங்களின் எல்லையில் உள்ளது அந்நகரம். அதனால் அவருடைய நிறுவனம் ‘மின் கோட்டா’ எனப் பெயர் பெற்றது. தமிழ்ச் செவிக்கு அதிலுள்ள ‘மின்’ மின்சாரமாகவே ஒலிக்கும். இஃது இயற்கை செய்த சிலேடை போலும்!

மீனுக்கு ஓசை கேட்குமா என்ற ஐயம் எழலாம். மீனுக்குச் செவிமடல் இல்லை. ஆயினும் தலைக்குள்ளே உட்செவி உண்டு. அதில் சுண்ணாம்புச் சத்தாலாகிய சிறு கற்கள் உள்ளன. மேலும், உடலின் இரு பக்கங்களிலும் ஓடும் ‘பக்கக்கோடு’ என்னும் உறுப்பு அருகிலுள்ள நீரின் சிற்றசைவையும் உணரும். ஒலி காற்றில் வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். நீரிலோ ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும். காற்றில் எழும் ஓசையில் மிகப் பெரும் பகுதி நீரின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பிவிடுகிறது. ஆகவே படகில் இருவர் மெல்ல உரையாடுவதால் பெருங்கேடு இல்லை. படகின் தளத்தில் ஒரு பெட்டியைத் தொப்பென்று போடுவதே கேடு. அவ்வதிர்ச்சி தளத்தின் வழியே நேராக நீருக்குள் இறங்கிவிடும்.

இவ்வுண்மை நன்கு விளங்கும் இடம் அமெரிக்க நாட்டின் தென்கோடியில் உள்ள பிளாரிடாக் கடற்கரை. அங்கே முழங்காலளவே ஆழமுள்ள தெளிந்த உப்புநீர்ப் பரப்புகள் பல உண்டு. போன்பிஷ், டார்ப்பன், ரெட் டிரம் முதலிய மீன்கள் அவற்றில் உலவும். டிரம் என்றால் பறை. அம்மீன் தன் காற்றுப்பையை அதிரச் செய்து பறையொலி போன்ற ஓசை எழுப்புவதால் அப்பெயர் பெற்றது. தானே பறை முழக்கும் மீன், பிறர் முழக்கத்தை அறியாதிருக்குமோ? அவ்வளவு ஆழமற்ற நீரில் மீனுக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. ஆதலின் சிறிது ஐயம் தோன்றினாலும் ஓடிவிடும்.

நன்னீர் ஏரியில் பிறந்த கருவியைக் கடலுக்குக் கொண்டுவருவதில் இடர் உண்டு. உப்பு உலோகத்தை அரிக்கும். இதற்காகத் துத்தநாகத் துண்டு ஒன்றை மோட்டாரில் பொருத்துவர். பிற உலோகங்களுக்கு வரவிருக்கும் அரிப்பை அது தானே ஏற்றுக்கொண்டு தேய்ந்து போகும்; தேய்ந்ததும் மாற்றவேண்டும். கரை சேர்ந்தவுடன் கருவி முழுவதையும் நன்னீரால் கழுவுதல் இன்றியமையாதது. விசிறியின் பின்னே தூண்டிற்கயிறு சுற்றிக்கொண்டிருந்தால் அதனையும் நீக்கவேண்டும்; இல்லையேல் அக்கயிறு நீர்க்காப்பை அறுத்து உள்ளே உப்புநீரை விட்டுவிடும்.

அடுத்தது பாட்டரி. சிறு படகுக்கு 12 வோல்ட் பாட்டரி ஒன்று போதும். பெரியவற்றுக்கு இரண்டையோ மூன்றையோ தொடராக இணைத்து 24 அல்லது 36 வோல்ட் பெறுவர். பாரத்துடன் 3,000 ராத்தல் எடையுள்ள படகுக்குக் குறைந்தது 60 ராத்தல் உந்துவிசை வேண்டும் என்பது பொதுவான கணக்கு. கடலிலோ காற்றும் நீரோட்டமும் எதிர்ப்பதால் இன்னும் சிறிது கூட்டிக்கொள்வது நலம். 100 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள ஈயப் பாட்டரியில் பாதியைச் செலவிடுவதே அதன் ஆயுளுக்கு ஏற்றது. அப்பாதியைக் கொண்டு 10 ஆம்பியர் வீதம் ஓடினால் 5 மணி நேரம் வரும். 50 ஆம்பியர் வீதம் ஓடினால் ஒரே மணியில் தீர்ந்துவிடும். அவசரம் மீனை விரட்டுவதோடு பாட்டரியையும் வற்றச் செய்கிறது!

இங்குதான் முக்கியமான செய்தி வருகிறது. மின்மோட்டார் பெட்ரோல் இயந்திரத்தைவிட அமைதியானதே அன்றி, ஓசையே இல்லாததன்று. அதன் மெல்லிய முனகலை மீன் கேட்கும். ஆயினும் சீராக ஒலிக்கும் முனகலைவிடத் திடீரென மாறும் ஒலியே மீனை அதிகம் மிரட்டுகிறது என்பது அனுபவசாலிகளின் கருத்து. நிறுத்துவதும் ஓட்டுவதுமாக இராமல், குறைந்த வேகத்தில் ஒரே சீராகச் செல்லுமாறும், மோட்டாரை நீரில் மெல்ல இறக்குமாறும் அவர்கள் அறிவுறுத்துவர். நீர் மிகக் குறைந்த இடத்தில் மோட்டாரை மேலே தூக்கிவிட்டு, கழை ஊன்றியே செல்வர். பழைய ஊன்றுகழிக்கு ஈடான அமைதி எந்த மோட்டாருக்கும் இல்லை. விலைக்கு வாங்கக்கூடியது மோட்டார் மட்டுமே. மௌனம் ஓட்டுபவனின் கையில் இருக்கிறது.

இம்மௌனம் தூண்டிற்காரனின் நலத்துக்கு மட்டும் உரியதன்று. பிளாரிடாவின் எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவில் ‘ஸ்னேக் பைட்’ என்றோர் இடம் உண்டு. ஒலியைக் கேட்டுப் ‘பாம்புக்கடி’ என்று மொழிபெயர்த்துவிடல் கூடாது. பைட் என்பது ஈண்டு கரை உள்வளைந்த குடாவைக் குறிக்கும். அங்கே கடலடியில் ஆமைப்புல் என்னும் கடற்புல் அடர்ந்து வளர்கிறது. இறால்களும் மீன்குஞ்சுகளும் அதில் ஒதுங்கி வாழும். பெரிய இயந்திரங்களின் விசிறிகள் புல்லை மட்டுமன்றி, மண்ணுக்குள் ஓடும் வேர்த்தண்டையும் அறுத்துவிடுகின்றன. அவ்வடு ஆறப் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே 2011-ஆம் ஆண்டு அக்குடாவில் ஒரு கட்டுப்பாடு வந்தது. அதன்படி, குறிக்கப்பட்ட கால்வாய்கள் நீங்கலாக ஏனைய பரப்பில் எண்ணெய் இயந்திரத்தை ஓட்டல் ஆகாது. கழி, துடுப்பு, மின்மோட்டார் ஆகியவற்றையே கையாளலாம்.

கடற்புல் நமக்கும் அந்நியமன்று. பாக் விரிகுடாவில் கடற்பசு மேய்வது இத்தகைய புல்வெளியில்தான். அதனைக் காக்க 2022-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு ஏறத்தாழ 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பைக் காப்பகமாக அறிவித்தது. அங்கே கடலுக்குச் செல்பவர் பொழுதுபோக்குக்காகச் செல்பவர் அல்லர், வயிற்றுப்பாட்டுக்காகச் செல்பவர். பிளாரிடாவின் விதியை அப்படியே பெயர்த்து அவர் தலையில் வைத்தல் நியாயமாகாது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பொருள் கெடும் என்பதை மொழிபெயர்ப்பாளர் அறிவர். ஆயினும் அவ்விதியின் பின்னுள்ள கருத்து எக்கரைக்கும் பொருந்தும். பிறர் இல்லத்துள் நுழைபவன் கதவைத் தட்டி, காலடியை மெல்ல வைத்து நுழைகிறான். கடல் மீனின் இல்லம். அங்கே செல்லும் நாம் விருந்தினரே. விருந்தினருக்குரிய அடக்கத்தோடு செல்வோமாக.