உண்ணிக் காய்ச்சல்: ஒரு மருந்தா, இரண்டு மருந்தா?

(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் டெங்கு பற்றிப் பேச்சு வந்தபோது, "உண்ணிக் காய்ச்சல் என்கிறார்களே, அது என்ன?" என்று பி பிளாக் அம்மா ஒருவர் கேட்டார். யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. செயலாளர் என்னைப் பார்த்து, "சார், நீங்கள் ரிட்டையர் ஆனவர், படித்துவிட்டு வந்து சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டார். நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்து, கடலூரிலும் சிதம்பரத்திலும் வங்கிக் கிளார்க்காக இருந்தவன். அதனால் கணக்குப் பார்த்து நிரூபித்த விஷயங்களை மட்டும் சொல்கிறேன். வைத்தியத்துக்கு நீங்கள் உங்கள் டாக்டரிடம்தான் போக வேண்டும்.

முதலில் பெயர். ஆங்கில மருத்துவத்தில் இதை ஸ்க்ரப் டைபஸ் என்பார்கள். நாய் மேலும் மாட்டின் மேலும் நாம் பார்க்கிற பெரிய உண்ணி இதைப் பரப்புவதில்லை. புதர், புல், வயல் வரப்பு போன்ற இடங்களில் இருக்கும் ஒரு சிறு பூச்சியின் குஞ்சுதான் காரணம். அது ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும், கண்ணுக்குச் சுலபத்தில் தெரியாது. எலி, பெருச்சாளி, மூஞ்சூறு மேல் ஒட்டி வாழும். நாம் அந்தப் பக்கம் போனால் நம் மேலும் ஏறிக் கடிக்கும். கடித்தது தெரியவே தெரியாது. அந்தக் கடியின் வழியாக ஒரியன்ஷியா என்ற பாக்டீரியா உடம்புக்குள் போகிறது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு இது தொற்றாது.

கடித்த ஆறு நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வரும். தலைவலி, உடம்பு வலி, சிலருக்கு வாந்தி, இருமல் இருக்கும். ரத்தத்தில் தட்டணுக்கள் குறையும். அதனால் டெங்கு என்றே முதலில் நினைப்பார்கள். கவனிக்காமல் விட்டால் நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல், மூளை வரை பாதிக்கும். நம் பகுதியில் மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்கும் மாதங்களில்தான் இது அதிகம், அதாவது இப்போதிலிருந்து தை, மாசி வரை.

இதற்கு ஓர் அடையாளம் உண்டு. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு வரும். வலிக்காது, அரிக்காது. அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு, மார்பகத்தின் அடிப்பக்கம், காதின் பின்புறம் என்று மறைவான இடங்களில்தான் பெரும்பாலும் இருக்கும். எல்லோருக்கும் வரும் என்றும் சொல்ல முடியாது. ஆனால் இருந்தால், அதைப் பார்த்த டாக்டருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

என் அக்கா வீட்டுக்காரருக்கு நடந்ததைச் சொல்கிறேன். புவனகிரிப் பக்கம் ஊர். நெல் வயல் உண்டு, தினமும் வரப்பில் நடக்கிறவர். ஒரு மார்கழியில் காய்ச்சல் வந்து ஏழு நாள் விடவில்லை. ஒரு கிளினிக்கில் ஊசி, இன்னோர் இடத்தில் டிரிப்ஸ். டெங்கு சோதனையில் இல்லை என்று வந்தது, தட்டணு மட்டும் குறைந்துகொண்டே போனது. எட்டாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்ததும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்த இளம் டாக்டர் பெண், "தாத்தா, வேட்டியைக் கொஞ்சம் தளர்த்துங்க" என்றது. அவர் கூச்சப்பட்டு மாட்டேன் என்றார். அக்கா அதட்டியதும்தான் சம்மதித்தார். அரைஞாண் கயிற்றுக்கு அடியில் ஒரு கறுப்புப் பொருக்கு. அன்றைக்கே மருந்து ஏற்றினார்கள். இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. அசதி தீர ஒன்றரை மாதம் ஆனது. அந்தப் பெண் அன்றைக்கு உபயோகித்தது கண்ணை மட்டும்தான்.

இனி மருந்துக்கு வருகிறேன். 1948-இல் மலேயாவில் குளோராம்ஃபெனிகால் என்ற மருந்து இந்தக் காய்ச்சலைக் குணமாக்குகிறது என்று கண்டுபிடித்தார்கள். அதற்கு முன் உருப்படியான மருந்தே கிடையாது. இரண்டாம் உலகப்போரில் பர்மா எல்லையில் இருந்த சிப்பாய்கள் பலர் இதில் இறந்தார்கள். பிறகு டாக்சிசைக்ளின் வந்தது, அதன் பிறகு அசித்ரோமைசின். இரண்டுமே விலை அதிகமில்லாத, பழகிய மருந்துகள்.

நோய் முற்றி வருகிறவர்களுக்கு எதைக் கொடுப்பது என்பதில்தான் கேள்வி இருந்தது. சில டாக்டர்கள் முதலாவதைக் கொடுப்பார்கள், சிலர் இரண்டாவதை, சிலர் இரண்டையும் சேர்த்து. அவரவர் அனுபவம் அவரவருக்கு. எது மேல் என்று யாரும் முறையாக ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

அதைச் செய்தது நம் வேலூர் சி.எம்.சி. டாக்டர் ஜார்ஜ் எம். வர்கீஸ் தலைமையில் இந்தியாவில் ஏழு மருத்துவமனைகள் சேர்ந்து ஆராய்ந்தன. நோய் முற்றிய 794 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு டாக்சிசைக்ளின், ஒரு குழுவுக்கு அசித்ரோமைசின், ஒரு குழுவுக்கு இரண்டும். ஏழு நாள் ரத்தக்குழாய் வழியாகக் கொடுத்தார்கள். யாருக்கு எது போகிறது என்று நோயாளிக்கும் தெரியாது, பார்க்கிற டாக்டருக்கும் தெரியாது. வேண்டியவருக்கு நல்லதாகப் பார்த்துக் கொடுக்கவோ, இதுதான் நல்ல மருந்து என்ற நினைப்பில் முடிவைத் தூக்கிக் காட்டவோ வழியில்லை. ஆடிட் பார்த்த எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்தது.

2023 மார்ச்சில் முடிவு வெளியானது. மூன்று விஷயங்களைச் சேர்த்து எண்ணினார்கள்: ஐந்தாம் நாளிலும் விடாத காய்ச்சல், ஏழாம் நாளிலும் தீராத உறுப்புப் பாதிப்பு, 28 நாளுக்குள் மரணம். டாக்சிசைக்ளின் மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 47 பேருக்கும், அசித்ரோமைசின் மட்டும் பெற்றவர்களில் 48 பேருக்கும் இவற்றில் ஒன்றாவது நேர்ந்தது. இரண்டும் பெற்றவர்களில் 33 பேருக்குத்தான். பாக்டீரியா உயிர்வாழப் புரதம் செய்துகொண்டே இருக்க வேண்டும். அந்தப் பட்டறையின் ஒரு பகுதியை ஒரு மருந்து அடைக்கிறது, மறு பகுதியை அடுத்த மருந்து அடைக்கிறது. அதனால்தான் சேரும்போது பலன் கூடுகிறது என்கிறார்கள்.

ஆனால் கணக்கை முழுதாகப் படிக்க வேண்டும். மரணத்தை மட்டும் தனியாக எடுத்தால் மூன்று குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. இரட்டை மருந்து சிக்கலைச் சீக்கிரம் தீர்த்தது. ஆனால் உறுப்புகள் கெட்ட பிறகு வந்தவர்களின் உயிரைக் கூடுதலாகக் காப்பாற்றியது என்று அந்த ஆராய்ச்சி காட்டவில்லை. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது, எவ்வளவு நல்ல மருந்தானாலும் எட்டாம் நாள் போவதைவிட மூன்றாம் நாள் போவதுதான் பெரிய விஷயம்.

இன்னொன்று. இரண்டு மருந்து என்பது ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் முற்றிய நோயாளிக்கு. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் ஒரு மாத்திரையே போதும். பேச்சைக் கேட்டுவிட்டு மெடிக்கல் ஷாப்பில் இரண்டையும் கேட்டு வாங்காதீர்கள்.

பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் பெற்றோர் இங்கே பலர் இருக்கிறீர்கள். அங்கே இதற்கு ஒருவிதத்தில் பங்காளியாக லைம் நோய் இருக்கிறது. கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்ற ஊரின் பெயர். அங்கே மான் உண்ணி கடித்து வருகிறது. பாக்டீரியா வேறு, ஆனால் முதல் மருந்து அதே டாக்சிசைக்ளின். இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலோர் குணமாகிவிடுகிறார்கள். ஒரு சிலருக்கு மட்டும் மாதக்கணக்கில் அசதியும் மூட்டுவலியும் நிற்பதில்லை. அப்படிப்பட்டவர்கள் மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் எடுத்துப் பணத்தையும் உடம்பையும் இழப்பதுண்டு.

நெதர்லாந்தில் இதையும் சோதித்தார்கள். 280 பேருக்கு முதல் இரண்டு வாரம் ஒரே ஊசி மருந்து. பிறகு 12 வாரம் சிலருக்கு மருந்து, சிலருக்கு வெறும் மாத்திரை. 2016-இல் வந்த முடிவு: கூடுதல் 12 வாரத்தால் கூடுதல் பலன் இல்லை. மூன்று மருந்தைச் சேர்த்துக் கொடுத்து எலிகளில் நல்ல பலன் கண்டதாக 2019-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் விஞ்ஞானிகள் எழுதினார்கள். எலிக்குச் சரியானது மனிதருக்குச் சரியா என்பது வேறு கேள்வி. ஆக, ஒரு நோயில் மருந்தைக் கூட்டினால் பலன் கூடியது. இன்னொன்றில் நாளைக் கூட்டியும் கூடவில்லை. "ஸ்ட்ராங்காகப் போடுங்க டாக்டர்" என்று கேட்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அதற்குப் பதிலாக "இது சோதித்துப் பார்த்த வைத்தியமா?" என்று கேட்கலாம்.

கடைசியாக நம் குடியிருப்புக்கு வருகிறேன். மாடியில் இருக்கிற நமக்கு ஆபத்து குறைவு. அதிக ஆபத்து நம் வாட்ச்மேனுக்கும், தோட்டத்தில் களை பிடுங்குகிறவருக்கும், வடபுறக் காலி மனையை ஒட்டி விறகு பொறுக்க வருகிற பெண்களுக்கும்தான். வாட்ச்மேன் தரையில் பாய் விரித்துப் படுக்கிறார். அவருக்கு ஒரு கட்டில் வாங்கித் தர சங்கத்தால் முடியும். காலி மனையின் உரிமையாளரிடம் பேசி, பொங்கலுக்கு முன் புதரை வெட்ட வேண்டும். செலவில் ஒரு பங்கை நாம் ஏற்றாலும் தப்பில்லை. மதிலோரம் சோற்றையும் குப்பையையும் வீசுவதை நிறுத்தினால் எலியும் பெருச்சாளியும் தானாகக் குறையும்.

சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் வயலுக்குப் போய் வருகிறவர்கள் புல்லின் மேல் உட்காராதீர்கள், துணியைப் புதர் மேல் காயப் போடாதீர்கள். திரும்பியதும் குளித்து, துணியை வெந்நீரில் நனைத்துவிடுங்கள்.

காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினால் வீட்டிலேயே உடம்பு முழுவதும் பாருங்கள். பெண்களும் வயதானவர்களும் கூச்சப்பட வேண்டாம், வீட்டில் நெருங்கியவர் பார்த்தால் போதும். டாக்டரிடம் போகும்போது வயலுக்குப் போனேன், புதரில் வேலை செய்தேன் என்பதை அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். கர்ப்பிணி என்றால் அதையும் சொல்லுங்கள், அவர்களுக்கு மருந்து வேறு. டெங்கு இல்லை என்று வந்தால் "ஸ்க்ரப் டைபஸ் பார்க்கலாமா?" என்று மரியாதையாக ஒரு வார்த்தை கேளுங்கள். எந்த டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கட்டில் பற்றியும் காலி மனை பற்றியும் இன்றைக்கே தீர்மானம் போடும்படி தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.