ஆச்சிமார் கணக்கு



மரபையும் நவீன வாழ்வையும் பெண்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பேசச் சொன்னீர்கள். ஆண்களைப் பற்றி இந்தத் தலைப்பை யாரும் கொடுப்பதில்லை. போகட்டும்.

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானுக்கு வருகிறவர்கள் பெரிய வீடுகளின் பர்மாத் தேக்கையும் ஆத்தங்குடிக் கல்லையும் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நான் பேச நினைப்பது பெண்கள் புழங்கும் பின்கட்டைப் பற்றி. மகனுக்குக் கல்யாணமானால் ‘வேறு வைப்பது’ அந்தக் காலத்து நகரத்தார் வழக்கம். வீடு ஒன்றுதான், அடுப்பு தனி. வருஷத்துக்கு இவ்வளவு நெல், இவ்வளவு பணம் என்று அளந்துவிடுவார்கள். அதற்குள் குடும்பம் நடத்துவது மருமகள் பொறுப்பு. கணவரோ ரங்கூனுக்கோ பினாங்குக்கோ ‘கொண்டுவிக்க’, அதாவது வட்டித்தொழில் செய்யப் போயிருப்பார். கணக்கு முடித்துத் திரும்ப மூன்று வருஷம் ஆகும். அவள் கொண்டுவந்த சீர்ப்பணம் வட்டிக்கடையில் அவள் பேரிலேயே பற்று வரவாகும். நகரத்தார் வீட்டுப் பெண்களை ஆச்சி என்பதால், ‘ஆச்சிமார் பணம்’ என்றே அதற்குப் பெயர். அவள் கொண்டுவந்த சாமானெல்லாம், ஊசி முதல் வைரம் வரை, முறைச்சிட்டை என்ற சீர்ப்பட்டியலில் எழுதியிருக்கும்.

ஆக, கணக்கும் கைப்பணமும் நம் பெண்களுக்கு நேற்று வந்தவை அல்ல. அதற்காக அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்லமாட்டேன். விலாசம் என்கிற கடைப் பெயரெழுத்துகளில் ஆச்சியின் எழுத்து இருக்காது. சீர் கொடுத்தாயிற்று என்று சொல்லியே சொத்தில் பங்கை மறுத்தார்கள். மகளுக்கும் கூட்டுக்குடும்பச் சொத்தில் சம உரிமை என்ற திருத்தம் தமிழ்நாட்டில் வந்தது 1989-இல்தான். நாடு முழுவதற்கும் 2005-இல்.

அந்தப் பின்கட்டு அறிவு இன்று என்ன ஆனது என்பதற்கு விசாலாட்சி ராமசாமி ஆச்சியின் வேலையைச் சொல்ல வேண்டும். பனங்குருத்தை வகிர்ந்து, சாயமேற்றி, ஓரத்தில் மணி கோத்து நம் வீட்டுப் பெண்கள் முடைந்த கொட்டான் என்ற ஓலைக்கூடை, பிளாஸ்டிக் கூடை வந்ததும் மறைந்துகொண்டிருந்தது. அவர் நிறுவிய அறக்கட்டளை காரைக்குடிப் பக்கத்துக் கிராமப் பெண்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தது. யுனெஸ்கோவின் தரச்சான்றும் புவிசார் குறியீடும் கிடைத்தன. முடைகிறவர்களில் பெரும்பாலோர் ஆச்சிமார் அல்லர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர்களுக்கு அது சம்பளம். மரபு என்ற பேச்சு அப்புறம்தான். காரைக்குடியில் மீனாட்சி மெய்யப்பன் ஆச்சி குடும்பத்துப் பழைய பங்களாவை விடுதியாக்கி, வீட்டுச் சமையலைத் தொழிலாக்கினார். இரண்டு பேரும் கையில் எடுத்தது பின்கட்டு அறிவைத்தான்.

சென்னையிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் நம் பெண்கள் முன்னோரை வணங்கும் படைப்புக்கு லீவு போட்டு வருகிறார்கள். வந்ததும் அடுப்படி. கூடவே வந்த கணவர் உள்முற்றத்து வளவில் உட்கார்ந்து காபி கேட்கிறார். மரபில் அடுப்பை மட்டும் அவளுக்குக் கொடுத்துவிட்டுக் கணக்கை நாம் மறந்துவிட்டோம். இது சமநிலைப் பிரச்சினையே அல்ல, பங்கீட்டுப் பிரச்சினை.

ஒரு வேண்டுகோள். வீட்டைப் பிரிக்கும்போது தூணுக்கும் நிலைக்கதவுக்கும் விலை பேசுகிறீர்கள். பெட்டியடியில் கிடக்கும் முறைச்சிட்டையும் ஆச்சி கைப்பட எழுதிய வீட்டுக் கணக்கும் பழைய பேப்பரோடு போய்விடுகின்றன. அவற்றைப் போடாதீர்கள். பழைய ஆவணங்களைக் காக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஓர் இடத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.